டூட்டி நாளில் போடாத மாத்திரை

ரெங்கி மதினிக்கு, என்னோடு நர்சிங் படித்தவளுக்கு, என் அண்ணன் பெண்டாட்டிக்கு, மெடிக்கல் வார்டிலேயே பெரிய வாய்க்காரிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எழுதக் கை போகிறது. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இங்க என்ன, பெல் அடிக்க ஆளா இருக்கு, காலை நீட்டி உக்காந்திருக்கேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அண்ணன் பேண்டேஜ் தறிக்குப் போய் வருகிறான். பவித்ரா பிளஸ் டூ முடித்துவிட்டாள். நல்ல மார்க். உன் சேலைகள் பீரோவில் நீ மடித்தபடியே இருக்கின்றன, யாரும் தொடவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதே பஸ்ஸில் ராஜபாளையம் வருகிறேன், டூட்டி பார்க்கிறேன், திரும்பிப் போகிறேன். உன் ஊரில் நான் வாக்கப்பட்டேன், என் ஊரில் நீ வாக்கப்பட்டாய். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே. இப்போது என் ஊரில் நீ இல்லை. உன் ஊரில் நான் இருக்கிறேன். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

உன் காரியத்தன்று நான் அழவில்லை மதினி. அதற்குப் பிறகும் வெகுநாள் அழவில்லை. உங்கள் பக்கத்துப் பொம்பளைகள் "அந்த நர்சம்மா கல்லு மாதிரி நிக்கா பாரு" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கப் போனேன். துக்கம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். இது ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது. மரத்துப்போகிற ஊசி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படி இருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் பவித்ரா. அவள் பி.எஸ்ஸி. நர்சிங் சேரவேண்டும் என்றாள். அண்ணன் கூடாது என்றான். இரண்டு பேரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் ஒரே அதட்டலில் முடித்திருப்பாய். யாரை அதட்டியிருப்பாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்த ஒன்றை இங்கே எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் வார்டு வழக்கம் தெரியாது.

நம் வார்டில் டூட்டி நாளில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டோம். குடிக்கக்கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. குடித்தால் போகவேண்டும். நர்சுகளுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருத்தி இறங்கிப் போனால் அந்த நேரம் பார்த்து எல்லா பெல்லும் அடிக்கும். "சிஸ்டரையே காணோம்" என்று யாராவது வராந்தாவில் நின்று சத்தம் போடுவார்கள். அதற்கு, குடிக்காமலே இருந்துவிடலாம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எல்லோரும் பழகிக்கொள்கிறோம். கொண்டுவந்த சோறு அப்படியே திரும்பிப் போகும். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கொடுக்கிற பால்கோவாவை ஆளுக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்வோம். டீ வந்தால் இரண்டு மடக்கு. அதுதான் நம் ஆகாரம்.

அப்புறம் பிரஷர் மாத்திரை. நமக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் சிறுநீரைப் பிரியவைக்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதனால் டூட்டி நாளில் அதைப் போடுவதில்லை. ஆஃப் நாளில் போட்டுக்கொள்வது. நீ அப்படி, நான் அப்படி, நம்மோடு இருக்கிற பாதிப் பேர் அப்படித்தான். ஒளிவுமறைவே கிடையாது. "நாளைக்கு எனக்கு மாத்திரை நாளு" என்று நீ ஆஃபுக்கு முந்தின நாள் தீபாவளி வருகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவாய். அந்த மாத்திரை உடம்பில் என்ன செய்யும், விட்டுவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் நீ தூக்கத்தில்கூடச் சொல்வாய். நோயாளி ஒருவேளை தவறவிட்டால் நீ போடுகிற சத்தத்தில் அவர் வீட்டு ஆட்கள் வாசல்வரை ஓடுவார்கள். வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் மதினி. ஒன்று, தெரியாமல் விடுவார்கள். இல்லை, தெரிந்து போடுவார்கள். தெரிந்தே விடுகிற கூட்டம் நாம் மட்டும்தான்.

நீ விழுந்ததும் ஒரு ஆஃப் நாளில்தான். அன்றைக்கு மாத்திரை போட்டிருந்தாய், தண்ணீரும் ஆசை தீரக் குடித்திருந்தாய் என்று அண்ணன் பிறகு சொன்னான். மூன்று பேரும் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தீர்கள். ஆற்றில் குளித்துவிட்டுப் புளியோதரையைப் பிரித்து வைத்தவள், தலை வலிக்கிறது என்று பாறையில் உட்கார்ந்தாயாம். பவித்ரா தட்டை நீட்டியபோது நீ வாங்கவில்லையாம். வாய் ஒரு பக்கம் போயிருந்தது என்றாள். அந்த மலைப்பாதையில் ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டு வந்து நம் ஆஸ்பத்திரியில்தான் இறக்கினார்.

நான் டூட்டியில் இருந்தேன். கேஷுவால்டியில் ஆள் குறைவு என்று என்னைக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தது நீ என்று பார்த்தேன். கண்ணில் டார்ச் அடித்தேன். ஊசி ஏற்ற நரம்பு தேடினேன். மானிட்டரில் வந்த பிரஷரை இங்கே எழுதவில்லை. பார்த்திருந்தால் நீயே உதட்டைப் பிதுக்கியிருப்பாய். அண்ணன் உள்ளே வந்து என் கையைப் பிடித்தான். நான் எல்லா ஆட்களிடமும் சொல்கிற அதே குரலில், "நாங்க பாத்துக்குவோம், நீங்க வெளிய நில்லுங்க" என்றேன். கூடப் பிறந்தவனை நீங்க என்று சொன்னது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவன் வெளியே போய் நின்றான். அங்கிருந்து உன்னை மதுரைக்கு அனுப்பினோம். அங்கேதான் நீ போய்ச் சேர்ந்தாய்.

நீ போன பிறகு ஆஸ்பத்திரியில் நமக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். மதுரையிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து படம் போட்டுப் பேசியது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காய்கறி சேருங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், நடங்கள். நாம் தினமும் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் ஒப்பிக்கிற பாட்டுத்தான். நடக்கச் சொன்னபோது பின்வரிசையில் ஒரே சிரிப்பு. பாதிப் பேர் நைட் முடித்துவிட்டு வந்தவர்கள், கண் சொருகிக் கிடந்தார்கள். அந்தப் பெண்மேல் தப்பில்லை. முடித்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். என் பாட்டில் லாக்கரிலேயே கிடந்தது. அதில் நான் தண்ணீர் பிடிக்கவே இல்லை.

ஆமாம் மதினி. நீ போன பிறகும் நான் எதையும் மாற்றவில்லை. டூட்டி நாளில் மாத்திரை கிடையாது. பயம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. நினைவு இல்லாமலா? தினமும் நினைவு வரும். சரி, ஆஃப் அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கை தானாக டப்பாவை மூடும்.

இந்த நிலையில்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். டூட்டி முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். பவித்ராவிடம் நர்சிங் வேண்டாம் என்று நான் சொல்லவேண்டுமாம். நான் சொன்னால் அவள் கேட்பாளாம். அவன் பேசப்பேச நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். உண்மையாகவே எனக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, "படிக்கட்டுமேண்ணே" என்றேன். சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏட்டி, நீ டூட்டில மாத்திரை போடுதியா?"

நான் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அவ போன பொறவும் போடல, அப்படித்தான? அன்னைக்கு என்னைய வெளிய நில்லுன்ன. நின்னேன். நீங்க பாத்துக்குவீயன்னு நின்னேன். ஒரு மாத்திரைய முழுங்க முடியல உங்களால. எம்புள்ளைய எதை நம்பி அங்க அனுப்பச் சொல்ற?"

அவன் கத்தவில்லை. உனக்குத் தெரியுமே, அவனுக்குக் கத்த வராது. தண்ணீர் குடித்துவிட்டு, "நீ முதல்ல போட்டுக் காட்டு. பொறவு அவளைப் பத்திப் பேசுவோம்" என்றான். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவன், தன் வீட்டில் எதைக் கட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். காலேஜுக்கு எழுதிப்போட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பவித்ரா கூட வந்தாள். உன்னைப் போலவே வேகநடை. கொஞ்சதூரம் வந்ததும், அம்மா நர்ஸ் வேலை பார்த்ததால்தான் செத்தாளா என்று கேட்டாள். இல்லை, மாத்திரை போடாததால் என்றேன். ஏன் போடவில்லை என்றாள். பாத்ரூம் போகவேண்டி வரும் என்பதால் என்றேன். வெளியே சொல்லும்போது அது எப்படிக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"அதுக்கு ஒரு ஆளு மாத்திவிட மாட்டாங்களா அத்தை?"

"கேட்டதில்லட்டி."

"நீங்க கேட்டதில்லையா?"

"யாருமே கேட்டதில்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்று, "நான் கேப்பேன் அத்தை" என்றாள். பஸ் எடுத்துவிட்டான். இந்தப் பெண் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீ போனதிலிருந்து எனக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

அடுத்த டூட்டியில் நர்சிங் சூப்பிரண்டு மேடத்திடம் போனேன். எத்தனை வருஷமாக அந்த அறைக்கு லீவு கேட்கப் போயிருக்கிறோம், இதற்காகப் போனதில்லை. காலை ஷிப்டில் நடுவில் செத்த நேரம் ஒரு ஆள் மேலே வந்தால், நாங்கள் மாற்றி மாற்றிப் போய் வருவோம், இரண்டு வாய் சாப்பிடுவோம் என்றேன். மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"போயிட்டு வாங்களேன் ஈஸ்வரி. யாரு வேண்டாம்னா?"

"யாரும் வேண்டாம்னு சொல்லல மேடம். போங்கன்னும் யாரும் சொல்லல."

வழக்கமான பேச்சுகள் எல்லாம் வந்தன. ஆள் பற்றாக்குறை, மேனேஜ்மென்ட் என்ன சொல்லுமோ. நான் நின்றுகொண்டே இருந்தேன். கல்லு மாதிரி நிற்பதுதான் எனக்கு இப்போது நன்றாக வருகிறதே. கடைசியில், ஓ.பி. கூட்டம் குறைந்ததும் அங்கே இருக்கிற கீதா சிஸ்டரை மேலே அனுப்புகிறேன், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். கதவுப் பக்கம் வந்தபோது என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "எனக்கும் அதேதான்" என்றார். எப்போது போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டூட்டி ரூமில் இட்லியைச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, லாக்கரில் கிடந்த பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். "அக்கா தண்ணி குடிக்காவ, இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்று கூட இருந்தவள் கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பெருமையும் இல்லை. அண்ணனுக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

மருந்து கொடுத்துக்கொண்டு வரும்போதே முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பழக்கதோஷம், அடக்கிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். அதற்கும் அடுத்த பெட்டுக்கும் போனேன். மாத்திரையையும் போட்டு, தண்ணீரையும் குடித்து, அடக்கவும் செய்கிறேனே, என்ன ஜென்மம் நான்? கீதா மேலே வந்து நின்றாள். "என் பெட்டைப் பாத்துக்க, போயிட்டு வாரேன்" என்றேன். நாக்குப் புரளவில்லை மதினி. டாக்டரிடம் வாதாடுகிற வாய் இது, இந்த ஒரு வரிக்குத் திக்கியது.

கீழே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கதவின் உள்பக்கம் ஒரு பேப்பர், நாலு மூலையிலும் பிளாஸ்டர் ஒட்டி. உன் கையெழுத்து. "சிஸ்டர்மாரே, தண்ணீர் ஊற்றிவிட்டு வரவும். ஊற்றாதவர் யார் என்று எனக்குத் தெரியும்." நீயே இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவாய், அதிகாரம் மட்டும் ஒட்டி வைத்திருக்கிறாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஷிப்ட் முடிந்ததும் உன்னிடம் சொல்லிக் கேலி செய்யவேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் உறைத்தது.

சொல்வதற்கு நீ இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் மதினி அது எனக்குத் தெரிந்தது. கேஷுவால்டியில் தெரியவில்லை, உன் காரியத்தில் தெரியவில்லை. அழுதேன். முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள யூனிபார்மில் முந்தானையும் இல்லை. சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

யாரோ கதவைத் தட்டினார்கள். சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு என்று ஒரு ஆண்குரல். படியிறங்கித் தேடிக்கொண்டே வந்திருக்கிறார், பாவம். எப்போதும் என்றால் பதறி எழுந்து ஓடியிருப்பேன்.

"மேல இன்னொரு சிஸ்டர் இருக்காவ, அவியகிட்டச் சொல்லுங்க. எனக்குச் செத்த நேரம் ஆகும்."

அவர் போய்விட்டார். நான் முழுதாக அழுதுவிட்டு, முகம் கழுவி, நீ எழுதியபடி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். வார்டில் ஒன்றும் ஆகவில்லை. டிரிப்ஸை கீதா மாற்றியிருந்தாள். எல்லாப் பெட்டிலும் எல்லோரும் இருந்தார்கள்.

பிறகு மறுபடியும் மரத்துத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மாத்திரையை விடவில்லை. கீதா வராத நாளும் உண்டு. அன்றைக்கு நானும் கூட இருப்பவளும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிவிட்டு இறங்குகிறோம். வராந்தாவில் ஆட்கள் சத்தமும் போடுகிறார்கள். போடட்டும்.

ஒருநாள் அண்ணன் வார்டுக்கே வந்தான். சொல்லாமல் வந்தான், வேவு பார்க்கத்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். நான் டூட்டி ரூமில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பாட்டில் பாதி காலி. அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வெளிய நிக்கட்டா?" என்று கேட்டான்.

"உள்ள வாண்ணே" என்றேன்.

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். என் தட்டில் இருந்த பொரியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அது உன் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூல். நாற்காலியில் அவன் உட்காரவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு, காலேஜ் பஸ் நம் தெருவுக்கு வருமா, இல்லை மெயின் ரோட்டில் போய் நிற்கவேண்டுமா என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குப் போனதும் பவித்ராவிடம் தறிச்சத்தம் மாதிரி விடாமல் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறானாம். அவள் போன் போட்டுப் புலம்புகிறாள்.

நான் செய்தது சரியா மதினி? உன் மகளை அதே வார்டுக்கு அனுப்புகிறேன். அங்கே பெல்லும் அதுதான், படிக்கட்டும் அதுதான். அவள் கேட்பேன் என்கிறாள். கேட்டுக்கொண்டே இருப்பாளா, இல்லை முதல் மாதத்தில் நம்மைப் போல் ஆகிவிடுவாளா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டூட்டி நாளில் மாத்திரை போடுவேன். தண்ணீர் குடிப்பேன். போகவேண்டியபோது, சொல்லிவிட்டுப் போவேன். அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வருகிற அன்றைக்கு நான் அந்த வார்டில் இருக்கவேண்டும், அதற்கப்புறமும் இருக்கவேண்டும். உன்னைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் இப்போதைக்கு வரமாட்டேன். கோவிச்சுக்காதே.

உன் வீட்டுக்காரரின் தங்கச்சி,
உன் மகளின் அத்தை,
ஈஸ்வரி